கேட்கும், பேசாது

பழுது பார்ப்பவனிடம் வரும் பெட்டிகளில் பாதி திறக்க முடியாதவை. மீதி, யாரோ ஏற்கெனவே திறந்து கெடுத்தவை. சால்டரிங் இரும்போடு காலம் தள்ளும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாயும் மடியும்

பழவேற்காட்டில் படகு வயர்லெஸ் பழுது பார்க்கிறேன். தொழில், புத்தகம் பார்த்து நானே படித்தது. மனைவி இறந்த வருடம், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடையில் உட்கார்ந்து ஒரு பாடத்தை முடித்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டி. ஒரு பக்கம் இரண்டு கம்பி நுழைகிறது, மறுபக்கம் இரண்டு கம்பி வருகிறது. ஒரு பக்கத்துக் கம்பிகளைத் தொடாமல் விட்டு ஒரு தடவை, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி ஒரு தடவை, மறுபக்கத்தில் அளக்க வேண்டும். பிறகு பக்கம் மாற்றி அளக்க வேண்டும். பெட்டியின் குணம் தெரிந்துவிடும்.

"ரெண்டு வாய் வலையமைப்புன்னு பேரு" என்று படகுக்காரர் காசியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னா வலைண்ணே அது? ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் மடி, அதான் வலை. ரெண்டு பக்கமும் வாய் வெச்சா மீனு எங்க நிக்கும்?"

பன்னிரண்டு வோல்ட்

காசியின் படகில் பேட்டரிக்கும் வயர்லெஸுக்கும் நடுவே இரைச்சலை வடிகட்டும் சின்னப் பெட்டி உண்டு. தார் ஊற்றி அடைத்தது. செட் சரியில்லை என்று ஒருநாள் இரண்டையும் கொண்டுவந்தார். கடைப் பேட்டரியில் நேராக மாட்டியபோது செட் கேட்டது, பேசியது. பெட்டியின் ஒரு வாயில் பேட்டரியைக் கொடுத்து, மறு வாயில் எதையும் மாட்டாமல் மீட்டரை வைத்தேன். முழுசாகப் பன்னிரண்டு வோல்ட். "பெட்டி நல்லா இருக்கு" என்று அனுப்பினேன். பாடத்தில் பாதியைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் கடலில் அவர் இன்ஜின் நின்றுவிட்டது. அவர் திரும்பாததால் மற்றப் படகுகள் வயர்லெஸில் கூப்பிட்டன. கரையில் நின்ற ஒரு படகில் ஏறி, அதன் வயர்லெஸில் அவர் மனைவி தேவகியும் மதியம் முழுக்கக் கூப்பிட்டாள். காசிக்கு எல்லாம் கேட்டது. பேசும் பொத்தானை அமுக்கினால் மட்டும் செட் அணைந்துபோனது. சாயங்காலம் வேறொரு படகு கண்டுபிடித்து இழுத்துவந்தது. தேவகி நேரே என்னிடம் வந்தாள். "உங்க மீட்டரு நல்லா கீதுன்னு சொல்லுச்சே அண்ணே, அத்த வெச்சே அவர கூப்ட்டிருக்கலாமே?"

சுத்தியல் வேண்டாம்

காசி அதே பெட்டியோடும் ஒரு சுத்தியலோடும் வந்தார். "பொளந்து பாத்துடலாம்ணே." வேண்டாம் என்றேன். பேட்டரியைக் கழற்றி, செட் பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் முறுக்கிக் கட்டி, பேட்டரிப் பக்கத்தில் அளந்தேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் இரண்டு ஓம் காட்டியது. பக்கம் மாற்றினேன், அதே இரண்டு. உள்ளே ஏதோ இணைப்பை உப்பு தின்றிருக்கிறது. கேட்பதற்குச் செட் அரை ஆம்பியர்தான் இழுக்கும், தப்பித்துவிடும். பேச ஐந்து ஆம்பியர் வேண்டும். அப்போது வோல்டேஜைப் பெட்டியே விழுங்கிவிடும்.

புதுப் பெட்டி கட்டி, அதில் ஐந்து ஆம்பியர் இழுக்கும் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவிட்ட பிறகுதான் கொடுத்தேன். காசி முகத்துவாரம் வரை போய்ப் பேசினார். கரைப் படகில் தேவகி, பக்கத்தில் நான்.

"அன்னிக்கு நான் கூப்ட்டது அத்தினியும் உனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திட்டுனது?"

"அதுவும். அப்பால அழுதியே, அதுவும்."

தேவகி பொத்தானை அமுக்கினாள். "அது அழுகை இல்ல, ஜல்ப்பு. நீ மொதல்ல கரைக்கு வா."

சும்மா இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும் என்பதால், வேலை வாங்கிப் பார்க்காமல் நான் இப்போது எதற்கும் நற்சான்று கொடுப்பதில்லை, எனக்கும்கூட.