கேமரா பிடித்துக் கொடுத்த பூட்டக்கா

பூட்டு விற்றும் ரிப்பேர் செய்தும் பிழைத்தவரை ஊரே பூட்டக்கா என்றது. சாவியைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் வீட்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, காதைக் கதவில் வைத்து, இரண்டு வளைந்த கம்பிகளால் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுவார்.

அவர் தெருவில்தான் காவல்துறை சோதனை முயற்சியாக ஒரு கேமரா பொருத்தியது. திருடனைத் தானே அடையாளம் கண்டு ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுமாம். முதல் வாரத்திலேயே பூட்டக்காவை மூன்று தடவை பிடித்துக் கொடுத்தது. மூன்று தடவையும் மூச்சிரைக்க ஓடி வந்தவர் ஒரே கான்ஸ்டபிள். மூன்றாம் தடவை அக்கா திறந்துகொண்டிருந்தது, அதே தெருவிலிருந்த அந்தக் கான்ஸ்டபிளின் வீட்டுக் கதவை. கூப்பிட்டவர் கான்ஸ்டபிளின் மனைவி.

"உள்ள பால் பொங்குது சார். முதல்ல அதை இறக்கிடலாம், அப்புறம் என்னைப் பிடிச்சுக்கலாம்."

சோதனை அமோக வெற்றி என்று மேலதிகாரி அறிக்கை கொடுத்தார். இன்னும் நாற்பது கேமரா வாங்க நகர்மன்றம் கிளம்பியது. அதே தெருவில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து படித்து விளையாடிய கூடத்தைத் திறக்க மட்டும் நிதி இல்லையாம். அது பூட்டி இரண்டு வருடமாகியிருந்தது. அன்றிலிருந்து அக்காவின் தங்கை, பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டே வேலைக்குப் போனாள். பூட்டைப் போட்டுக் கொடுத்தது அக்கா. அதுதான் அவருக்கு முள்ளாக உறுத்தியது.

மன்றக் கூட்டத்துக்குப் போய், கேமராவுக்குப் பதில் கூடத்தைத் திறக்கச் சொன்னார். பூட்டு விற்கிறவரே பாதுகாப்பு வேண்டாம் என்கிறாரே என்று ஓர் உறுப்பினர் கிண்டலடித்தார். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார்.

"இருபது வருஷமா நான் ஊரோட பயத்துலதான் சார் பிழைக்கிறேன். பெரிய பூட்டு போட்டவங்க யாருக்கும் பயம் போகலை, இன்னொண்ணு கேட்டு வர்றாங்க. பிள்ளைங்க பூட்டின வீட்டுல கிடக்குதுங்க. கூடத்தைத் திறங்க, அந்த வீட்டுப் பூட்டை நானே கழட்டிடறேன்."

அதுவரை கேமராவில் எத்தனை திருடர்கள் சிக்கினார்கள் என்று தலைவர் கேட்டார். வாசலோரம் நின்ற கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

"ஒருத்தர்தான் சார். இப்ப பேசினாங்களே, அவங்க."

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கூடம் ஜெயித்தது.

திறக்கப் போனால், சாவியை நகர்மன்றமே தொலைத்திருந்தது. அக்கா கூடத்து வாசலில் முட்டி போட்டார். இன்னும் கழற்றப்படாத கேமரா தன் கடமையைச் செய்தது. கான்ஸ்டபிளும் ஓடி வந்தார். அதற்குள் கதவைத் திறந்து, உள்ளே கிடந்த பெஞ்சுகளை அக்கா நகர்த்திக்கொண்டிருந்தார்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த பெஞ்சுக்கு மறுபக்கம் பிடிங்க."

பிடித்தார், சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போய், வெளிப்பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பல வருடம் கழித்து அக்கா இறந்து, அவரை வழியனுப்பிய பின் தங்கை அந்தக் கருவிப் பையைத் திறந்தபோது, விற்காமலும் வேறெந்தக் கதவிலும் மாட்டாமலும் அந்தப் பூட்டு அடியில் கிடந்தது.