சபைக்கு லைவ் போடுகிறவனின் வெட்கங்கள்

மீடியா ஊழியத்தில் ஒரு சலுகை உண்டு: எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, வேலை என்ற பெயரில் நாம் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் சபையிலும் என்னை மாதிரி ஒரு ஆள் இருப்பார். கடைசி மூலையில், கழுத்தில் ஹெட்போனும் காலைச் சுற்றி ஒயருமாக, ஒரு லேப்டாப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆள் நீங்களாகவே இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். வார நாட்களில் நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டில் எங்கள் சபை ஆராதனையை லைவில் போடுகிறேன். ஜெப குரூப்புக்கும் நான்தான் அட்மின். கொரோனா சமயத்தில் "ஒரு மாசத்துக்கு மட்டும் பாத்துக்கப்பா" என்று போதகர் ஐயா ஒப்படைத்த வேலை. கொரோனா போய்விட்டது, வேலை போகவில்லை. சபைக்கு வர முடியாதவர்களையும் சேர்த்து ஒரே குடும்பமாகக் கட்ட வேண்டும், அதுக்குத்தான் இந்த லைவெல்லாம் என்று ஐயா சொல்லுவார். நான் கட்டின லட்சணத்தைக் கேளுங்கள்.

பின்னாடி பெஞ்சு

எங்கள் சபையில் பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். லைவில் அது தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கு உற்சாகம் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, முன் வரிசை மட்டும் விழுகிற மாதிரி கேமராவைத் திருப்பி வைத்தேன். படத்தில் பார்த்தால் உட்கார இடமில்லாத சபை மாதிரி இருக்கும். ஐயாகூட பார்த்துவிட்டு, "பரவாயில்லையேப்பா" என்றார்.

எங்கள் சபையில் அன்பு என்று ஒரு ஆட்டோக்காரர். எப்போதும் கடைசி பெஞ்சுதான், சவாரிக்குப் போன் வந்தால் நைசாக நழுவ வசதி. அவர் மனைவி அந்த வாரம் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, லைவில் புருஷனைத் தேடியிருக்கிறார். ஆளைக் காணோம். ஆராதனை நேரத்தில் எங்கே சுற்றினாய் என்று அன்றைக்கு அன்புவுக்குப் போனில் பெரிய விசாரணை. மறுவாரம் என் தோளைத் தட்டினார். "ஏம்பா, நான் சர்ச்சுக்கு வந்தேன்னு எம் பொண்டாட்டிகிட்ட நீ வந்து சாட்சி சொல்லு. பின்னாடி பெஞ்சு சர்ச்சு இல்லியா?"

குரூப்பில் விழுந்த ஆமென்

ராஜாத்தி அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்பக்கம் வாடகைக்கு இருக்கிறார். கணவர் தேவராஜ் அண்ணனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். பிள்ளைகள் கிடையாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு அக்காவால் தெருமுனைக் கடைக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. அந்த இரண்டு பேருக்கும் சபை என்றால் என் லைவும் என் குரூப்பும்தான். நான் சொதப்பினால் அவர்களுக்குச் சபையே கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் அக்கா குரூப்பில் எழுதினார்: அவருக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகணும், ஜெபம் பண்ணுங்க. உடனே ஆமென் கொட்ட ஆரம்பித்தது. கைகூப்பின பொம்மை, புறா, மெழுகுவத்தி எல்லாம் வந்தது. நான் சும்மா இருப்பேனா? கடைக்கு வந்த ஆளை நிற்க வைத்துவிட்டு, சூரிய உதயப் படத்தின் மேல் "உங்களோடு நாங்கள் இருக்கிறோம்" என்று பூப்போட்ட எழுத்தில் ஒரு கார்டு செய்து போட்டேன். கார்டுக்கும் ஆமென் விழுந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சொல்லவே கூசுகிறது.

சாயங்காலம் போன் பண்ணினேன். வண்டி கிடைக்காமல் அக்கா தெருவில் தவித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் வீட்டுக்கார நெசவாளர்தான், அண்ணனை ஸ்கூட்டரில் தனக்குப் பின்னால் உட்கார வைத்து, அக்காவை அவருக்குப் பின்னால் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நல்லவேளை, ஊசி போட்டு மூச்சு சீராகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் ஆமென் அன்புவுடையது. அவர் ஆட்டோ ஸ்டாண்டு அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். எனக்கு வந்த கோபத்தில் நேரே ஸ்டாண்டுக்கே போய்க் கேட்டேன். உன் கார்டு மட்டும் என்ன ஆம்புலன்ஸா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவர் அப்படிக் கேட்கவில்லை. பாவம், நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்: "வண்டி வேணும்னு அக்கா போடலியேப்பா. ஜெபம்தானே கேட்டாங்க. அத நான் உடனே பண்ணிட்டேன்."

திருவிருந்துக்கு நடுவில் அருவி

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சபையில் எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, ஐயா கேமராவைப் பார்த்து, "வீட்டுல இருக்கிறவங்களும் எடுத்துக்குங்க" என்பார். அப்போது அவர்களும் எங்களோடு சேர்ந்து எடுப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு தொல்லை. ஆட்கள் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் படத்தில் வெறும் முதுகுகள்தான் தெரியும். அந்த நேரத்தில்தான் பார்க்கிறவர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். மூளையைக் கசக்கி, அந்த இடத்தில் ஒரு பாட்டு வீடியோவைச் செருகினேன். மலை, மேகம், அருவி எல்லாம் வரும். ஒருத்தர்கூடக் கழலவில்லை. ஐயா கேமராவைப் பார்த்துச் சொல்கிற அந்த ஒரு வரியும் அருவிக்கு அடியில் போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாதக்கணக்கில் இதே கதை. ராஜாத்தி அக்கா குறை சொல்கிற ஆள் இல்லை. ஒரு திங்கட்கிழமை தயங்கித் தயங்கிப் போன் பண்ணினார். "ஐயா எடுத்துக்கச் சொல்றது எங்களுக்குக் கேக்க மாட்டேங்குது தம்பி, பாட்டு வந்துடுது. அவரு சொல்லாம எடுக்க மாட்டேங்குறாரு. நேத்து அப்பத்தைக் கையில வெச்சிக்கினே இருந்தாரு, எறும்பு வந்துடுச்சு."

வைஃபை யாருடையது

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சாயங்காலம் போலாம், அன்புவைக் கூப்புடு" என்றார். அன்பு வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்தார். திருவிருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐயா வண்டியில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு அவர் கடைசியாக எப்போது போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது?

வாசலில் நெசவுக்காரர் மனைவி பட்டு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. ராஜாத்தி அம்மாவின் சபையிலிருந்து வருகிறோம் என்று ஐயா சொன்னதும், முகம் மலர்ந்து எழுந்துவிட்டார். "தெரியுமே சாமி. உங்க பூசை எங்க வைஃபையிலதானே ஓடுது. ஞாயித்துக்கிழமை அது முடியற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு தறியில உக்கார மாட்டாரு, அந்தச் சத்தத்துல அண்ணனுக்கு ஒண்ணும் கேக்காதுன்னு. ஆனா உங்களத்தான் இந்தப் பக்கம் பாத்ததே இல்ல."

தூக்கின கை

உள்ளே தேவராஜ் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐயா அப்பத்தைப் பிட்டு, கண் முன்னால் நின்று, "எடுத்துக்குங்க" என்றார். அண்ணன் இடது கையால் வாங்கி உடனே வாயில் போட்டுக்கொண்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து, அண்ணன் ஐயாவிடம் குழறலாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அதுவரைக்கும் வாயே திறக்காத நான், "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று நடுவில் புகுந்தேன். என் குரலைக் கேட்டதும் அண்ணன் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். இடது கையை மெல்லத் தூக்கினார். தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கி, "தோத்திரம்ணே" என்றேன். அவர் கை இறங்கவில்லை.

புதன்கிழமைகளில் எங்களுக்கு வீடியோ மீட்டிங்கில் ஜெபக் கூட்டம் உண்டு. அதற்குச் சட்டாம்பிள்ளை நான். போன வருஷம் ஒரு கூட்டத்தில் யாரோ வீட்டிலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் நீளமாக வந்துகொண்டே இருந்தது. டிவியை அலற விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "யாருங்க அது, ஜெபத்தைக் கெடுக்கிறது?" என்று கேட்டு, பெயரைக்கூடப் பார்க்காமல் மியூட்டை அமுக்கினேன். பக்கவாதம் வந்த பிறகு தேவராஜ் அண்ணன் முதல் தடவையாக வாய்விட்டு ஜெபம் பண்ணின சத்தம் அது. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் அக்கா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் ஒன்றும் புரியாமல் நானும் கையைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். அக்காதான் என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னார். "அது தோத்திரம் இல்ல தம்பி. பேசலாமான்னு உங்கள கேக்குறாரு. நீங்கதானே சொல்லியிருக்கீங்க, பேசணும்னா கையத் தூக்கணும்னு."

இப்போதெல்லாம் எங்கள் புதன்கிழமை ஜெபத்தில் குக்கர் விசிலும் நாய் குரைப்பும் யாருக்கும் முழுசாகப் புரியாத தேவராஜ் அண்ணனின் நீண்ட ஜெபமும் ஒன்றாகத்தான் கேட்கின்றன, இத்தனை வருஷ மீடியா ஊழியத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான்.