குளித்து வந்தவரின் வியர்வை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டொரு வருஷம் இருக்கையில், வாடைக்குளிர் இன்னும் விடாத ஒரு மாசிமாதக் காலை. யாழ்ப்பாணப் பட்டினத்து ஆசுபத்திரி ஒன்றில், வெளியிலிருந்து வரும் நோயாளருக்குத் துண்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. யார் முந்தி உள்ளே போவது, யார் சுவரோர வாங்குப் பலகையில் காத்திருப்பது என்பதும் என் கையில்தான் இருந்தது. அதற்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்: கத்துகிறவருக்கு முதலிடம், நடந்து வருகிறவர் பொறுக்கலாம்.

அன்று புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மனைவியுடன் பஸ்ஸில் வந்திறங்கி, மெல்ல நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறைய விபூதி. தலைமயிரில் ஈரம்.

"என்ன வருத்தம் அண்ணை?"

"பெரிசா ஒண்டுமில்லைத் தம்பி. விடியப்புறம் புகையிலைக்குத் தண்ணி இறைக்கத் துலா மிதிச்சனான். நெஞ்சுக்குள்ளை வாய்வு வந்து இறுக்கிப்போட்டுது."

"வாய்வாம்," என்றார் மனைவி. "இடக்கை தூக்கேலாமல் நிண்டவர். வேட்டி கட்டிவிட்டதே நான்."

"நீ சும்மா இரு. தம்பிக்கு வேலை கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "குளிச்சு வெளிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கிறியள். உங்களுக்கென்ன அவசரம்? அந்த வாங்கிலை இருங்கோ."

சேறும் மண்ணுமாக டாக்குத்தர் முன்னால் போய் நிற்பது எங்கள் தோட்டக்காரருக்கு ஆகாது. உயிர் போகிற வருத்தமென்றாலும் கிணற்றடியில் நாலு வாளி வார்த்துக்கொண்டுதான் வெளிக்கிடுவார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவன். தெரிந்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். "தம்பி, அவருக்கு வேர்த்து ஊத்துது. விபூதியும் கரைஞ்சுபோச்சு."

"குளிச்ச ஈரம் அக்கா. காத்துக்குக் காஞ்சுபோம்."

எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேள் கொட்டிய ஒருவன் கூரை பிய்யக் கத்திக்கொண்டு வந்தான்; அவனை உள்ளே விட்டேன். பிறகு, கால் சுளுக்கி முனகிய ஒருவரை.

முறை வந்து கூப்பிட்டபோது தோட்டக்காரர் எழும்பவில்லை. சுவரில் சாய்ந்தபடி இருந்தார். டாக்குத்தர் ஓடிவந்து நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். உயிர் போயிருந்தது. நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "இவர் எப்ப வந்தவர்?"

"இப்பதான் வந்தவர் ஐயா," என்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். சால்வையை எடுத்துக் கணவரின் மார்பை மூடினார், அவ்வளவுதான்.

பின்னேரம் டாக்குத்தர் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வருத்தக்காரர் பலர் இப்படித்தான் வருவார்களாம்: நடந்து, வேர்த்து, வாய்வென்று சொல்லி, மற்றவரை முந்தவிட்டு. முந்தியே கண்டிருந்தாலும் தன்னால் அதிகம் செய்திருக்க ஏலாது என்றார். அதில் ஆறுதல் தேட எனக்கு உரிமையில்லை. தோட்டக்காரர் காத்திருந்த நேரம் டாக்குத்தருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் வருகிறவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். சிலரை நேரத்தோடு உள்ளே அனுப்பியுமிருக்கிறேன். ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கிறதில்லை. அந்தத் தோட்டக்காரர் பிழைத்திருப்பாரோ என்ற கேள்வியை விதியிடம் விட்டுவிடலாம். சரிந்து படுக்க ஒரு கட்டிலை அவருக்கு நான் கொடுக்காததையும், அவர் மனைவி கேட்டுக்கொண்டு நிற்கையிலேயே, வந்த நேரத்தை மறைத்துப் பொய் சொன்னதையும் எவரிடம் கொண்டுபோய் விடுவது?