புலிக்காரர் வீட்டுப் பூட்டன்

அருள்புரத்தில் பனியன் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்த திருமூர்த்திக்கு, நாற்பத்தைந்து வயதில் திடீரென்று முன்னோர் மேல் பாசம் பொங்கியது. அது இரண்டாயிரத்து எட்டாம் வருடக் கடைசி. ஆர்டர்கள் படுத்துவிட்டன. ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது.

அவர் குடும்பத்தை ஊரில் 'புலிக்காரர் ஊடு' என்பார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பல்லடம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில், யாருடைய தோட்டத்திலோ எண்ணெயும் குங்குமமும் அப்பிய பழைய கல் ஒன்றைப் பார்த்தார். அதில் ஒரு மனிதன், பக்கத்தில் நாலு கால் மிருகம். தன் பூட்டன் புலியைக் குத்திய கல்தான் அது என்று நின்ற இடத்திலேயே முடிவுகட்டினார். செல்போனில் படம் பிடித்து, வலைப்பூ ஒன்று தொடங்கி, விலாவாரியாக எழுதிவிட்டார். புலிக்கு வால் எவ்வளவு நீளம் என்பதுகூட அதில் இருந்தது.

மனைவி பழனாத்தாள் வாசித்துப் பார்த்தாள். "புலி வம்சம்னு போட்டிருக்கறீங்க. நேத்துக் கரப்பான்பூச்சியப் பாத்துட்டுக் கட்டில் மேல ஏறுனது யாருங்க?"

மறுநாள் முதல் பின்னூட்டம் வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை.

"நீங்க ஒரு வடிகட்டுன முட்டாளுங்க. படத்துல இருக்கறது புலி இல்லீங்க, பூனைங்க. அடுத்தவன் பூட்டனைத் திருடறதுக்கு வெக்கமா இல்லீங்களா?"

திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. பதில் எழுதினார். இன்னும் நீளமான வசவு திரும்பி வந்தது. ஆள் வெளியூர் இல்லை என்பது மட்டும் அவருக்கு உறுதியானது. வேறு எந்தச் சீமையில் இவ்வளவு மரியாதையாகக் காறித் துப்புவார்கள்?

தெளிவான படம் போட்டு அவன் வாயை அடைக்க வேண்டும் என்று கிளம்பினார். துணியில் கறை எடுக்கும் மருந்து ஒரு கேன், பிரஷ், கேமரா எல்லாம் வண்டியில் ஏறின. தோட்டத்துச் சொந்தக்காரர் ஆத்தப்பன் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். திருமூர்த்தி மனம்விட்டுப் புலம்பினார்.

"எவனோ ஒரு பொறுக்கிப் பயங்க. பேரில்லாம எழுதி உசுர வாங்கறானுங்க."

ஆத்தப்பன் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "அது நானுங்க."

திருமூர்த்தி தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"இன்னுங் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுங்களா?" என்றார் ஆத்தப்பன்.

"ஊத்துங்க."

குடித்து முடித்ததும் ஆத்தப்பன் நியாயம் பேசினார். "எங்க தோட்டத்துக் கல்லு எங்க பூட்டன்தானுங்களே? மக கம்ப்யூட்டர்ல காட்டுனதும் பத்திக்கிட்டு வந்துருச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க பூனைன்னு எழுதுனீங்க?"

"உங்க பூட்டன்னா பூனைங்க. எங்க பூட்டன்னா புலிங்க."

கல்லைக் கழுவினால் தெரிந்துவிடும் என்று இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார்கள். குங்குமம் கரைய, முதலில் மிருகத்தின் கழுத்தில் ஒரு மணி தெரிந்தது. பிறகு சின்னதாக இரண்டு கொம்பு. கன்றுக்குட்டி. மனிதன் கையில் இருந்தது ஈட்டி இல்லை, கயிறு. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடியே அவர் கன்றை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"உங்க பூட்டனாவே இருக்கட்டுங்க," என்றார் ஆத்தப்பன் பெருந்தன்மையாக.

"எனக்கெதுக்குங்க? மூக்கப் பாருங்க, அச்சு அசல் உங்க மூக்கு."

பொழுது சாயும்வரை பூட்டனை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். முடியவில்லை. கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

திருமூர்த்தி மனதைத் தேற்றிக்கொண்டு உண்மையை அப்படியே எழுதி, புதுப் படத்தையும் போட்டார். அவ்வளவுதான். வீர பரம்பரையைக் கொச்சைப்படுத்திவிட்டதாக எங்கெங்கிருந்தோ வசைமழை கொட்டியது. இந்த முறை ஆத்தப்பன், சொந்தப் பெயரிலேயே, ஒவ்வொருவருக்கும் திருமூர்த்தி சார்பில் திருப்பிக் கொடுத்தார். அதுவும் மரியாதையாகத்தான்.

மழை ஓய்ந்த பிறகு, சிங்கப்பூரிலிருந்து சாமியப்பன் என்று ஒருவர் எழுதினார். "அந்தக் கன்னுக்குட்டி எங்க பூட்டன் ஊட்டுதுங்க. திருப்பிக் குடுங்க, இல்லீன்னா மன்னிப்புக் கேளுங்க."

ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி படித்தார்கள்.

"ஆதாரம் கேக்கலாங்களா?" என்றார் திருமூர்த்தி.

"வேண்டாங்க. கைவசம் வெச்சிருந்தாலும் வெச்சிருப்பாருங்க."

திருமூர்த்தி பெருமூச்சு விட்டு, இரண்டு குடும்பத்தின் சார்பிலும் மன்னிப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.