எலுபி கூட்டிய கோயில் வாசல்

எங்கள் சபையில் எலுபி மங்காசேயைத் தெரியாதவர் இல்லை. பதினோரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவள். ஒரு பிள்ளையைக் கொடும் ஆண்டவரே, உம்முடைய வாசலைச் சாகும்வரை கூட்டுகிறேன் என்று பொருத்தனை பண்ணினாள். தியாமிகே பிறந்தாள். நாற்பதாம் நாளே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எலுபி துடைப்பத்தோடு கோயிலுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் வாசலில் ஒரு புல் முளைத்தாலும் அந்த வீட்டுக்காரிக்கு மானம் போச்சு. வெறும் மண் தெரிய வேண்டும், அதில் துடைப்பத்தின் கோடு விழுந்திருக்க வேண்டும். கோயிலைச் சுற்றி எலுபி போட்ட கோட்டை மிதிக்க எனக்கே மனசு வராது.

பிள்ளைக்கு இரண்டு வயசானபோது கோயிலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க முடிவு செய்தோம். கதவு, ஜன்னல், முகப்புத் தகரம் எல்லாவற்றிலும் வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துப் பச்சைப் பெயிண்ட் அடை அடையாக இருந்தது. வாலிபர்கள் அதைச் சுரண்டிக் கீழே தள்ளினார்கள். எலுபி தினமும் கூட்டினாள். பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து மண்ணை அளைந்தது, விரலைச் சப்பியது. பச்சைத் துண்டுகளைப் பொறுக்கி விளையாடட்டும் என்று நாங்களும்தான் விட்டுவிட்டோம்.

மூன்று வயசில் வாய் ஓயாமல் பேசின பிள்ளை அது. நாலு வயசுக்குள் ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். எலுபியின் நாத்தனார் செய்வினை என்றாள். ஆஸ்பத்திரி நர்சம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பழைய பெயிண்டில் இருந்த ஈயமாம். கோயில் மண்ணை எடுத்துப் போய்ப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது.

மண்ணை அள்ள நாலு பேர் வந்தார்கள். மேஸ்திரி புவனாலி முஸ்லிம். தொழுகை நேரத்துக்கு எங்கள் மாமரத்தடியில்தான் பாய் விரிப்பார். தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்து, சுவரோரம் ஒரு சாண் ஆழம் வெட்டி, மண்ணை மூட்டையில் கட்டினார்கள். சிந்தினதைக் கூட்டித் தருகிறேன் என்று எலுபி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"வேணாம்மா, அதக் கீழ வைங்க. கூட்டினா தூசியாக் கெளம்பி எல்லா எடத்துக்கும் போயிரும். புது மண்ணு கொட்டி இனிமே இங்க புல்லுதான் போடணும்" என்றார் புவனாலி.

எங்கள் சபை வாயாடி லொஜாசி சும்மா இருப்பாளா. "நல்லதாப் போச்சு. ஆராதனைக்கு வரும்போதே ஆட்டையும் ஓட்டிட்டு வந்துரலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். எலுபி சிரிக்கவில்லை.

"அண்ணே, அப்ப நான் கூட்டினதுதான் எம்பிள்ளைக்குள்ள போச்சா?"

புவனாலி ஒரு மூட்டையின் வாயைக் கட்டி முடித்தார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"ஒங்களுக்குத் தெரியாதேம்மா" என்றார்.

அதன்பிறகு மூன்று ஞாயிறு அவள் கோயிலுக்கு வரவில்லை. போதகர் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். பொருத்தனையிலிருந்து கர்த்தர் உன்னை விடுவிக்கிறார் மகளே என்று தலையில் கைவைத்து ஜெபித்தார்.

"அவரு விடுவிச்சிட்டாருய்யா" என்றாள் எலுபி. "கேட்டேன், குடுத்தாரு. அவரு வாசல்ல வச்சே நான் இப்படிப் பண்ணிட்டேனே."

போதகர் வேதத்தைத் திறந்தார். ஒன்றும் வாசிக்காமல் மூடிவிட்டார்.

மருந்து கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஈயம் குறைந்து வருகிறது என்கிறார் நர்சம்மா. போன பேச்சு திரும்புமா என்று கேட்டால், தெரியாது, நீங்கள் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள் என்கிறார்.

நேற்று கொஞ்சம் சோளமாவு கொண்டுபோனேன். எலுபி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. வாசலில் மேய்ந்த கோழியைக் காட்டி "கோழி" என்றாள். காத்திருந்தாள். பிள்ளை தாயின் உதட்டையே பார்த்தது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, எலுபி அடுத்துப் பானையைக் காட்டினாள்.