சலாலா மலைக்குத் திரும்பும் ஒட்டகங்கள்

2004 செப்டம்பர் கடைசி வாரம். மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, காலை ஆறு மணிக்கு ஓமானின் தென்கோடியில் உள்ள சலாலாவில் இறங்கினேன். எனக்கு அமீரகத்தில், அல் ஐனில் துணிக்கடை வேலை. ஐந்து நாள் லீவு. ஊர்க்காரர் முருகேசன் இங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மலைக்குப் போகும் லாரியிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஏழரை மணி. சாலை முழுக்க ஒட்டகங்கள். ஜூனில் சாரல் பிடித்தால் மலை சேறாகிவிடும். ஒட்டகத்துக்குக் கால் வழுக்கும், ஈக்கடியும் தாங்காது. அதனால் சமவெளிக்கு ஓட்டி வந்துவிடுவார்கள். சாரல் ஓய்ந்து, மேலே புல் நிற்கும்போது திரும்ப ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மந்தைக்கும் முன்னால் ஒருவர் பாடிக்கொண்டே நடக்கிறார். அது அவர்களுடைய மலைமொழி. அரபி பேசும் முருகேசனுக்கே புரியவில்லை. கார்கள் ஒதுங்கி நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

ஒன்பது மணி. ஏற்றத்தில் ஒரு சினை ஒட்டகம் சாலையோரச் சேற்றில் சறுக்கி, முன்கால்கள் விரிய விழுந்து கிடந்தது. உடையவர் சயீத், அறுபது வயதிருக்கும். அவர் வீட்டுத் தொட்டிக்குத்தான் நாங்கள் தண்ணீர் கொண்டுபோனோம். ஒட்டகம் திமிறி எழுந்தால் எலும்பு முறியும், அப்புறம் அறுக்க வேண்டியதுதான் என்றார்கள். பின்னால் வந்த மந்தைக்காரர்களும் நின்றுவிட்டார்கள். சயீத் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் பாடினார்.

மணலில் சக்கரம் புதைந்தால் போட முருகேசன் இரண்டு பலகை வைத்திருந்தார். அவற்றைச் சேற்றில் செருகினார். வயிற்றுக்கடியில் கம்பளியைக் கொடுத்து இருபுறமும் பத்துப் பேர் தூக்கினோம். மூன்றாவது முறை பலகையில் கால் ஊன்றி எழுந்து நின்றது. சயீத் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "கலாஸ்" என்றார், ஆபத்து முடிந்தது என்று.

பதினொரு மணி. சயீத்தின் வீட்டு முற்றத்தில், நெருப்பில் சுட்ட கல்லைப் பாலில் போட்டுக் காய்ச்சினார்கள். புகை மணத்தது. விருந்தாளியான எனக்கு முதல் கிண்ணம் வரும் என்று கை நீட்டினேன். சயீத் அதை முருகேசனிடம் கொடுத்து ஏதோ கேட்டார்.

இறங்கும் வழியில் என்ன கேட்டார் என்றேன்.

"என் பேரைக் கேட்டாருண்ணே. ஆறு வருஷமா தண்ணி ஊத்துறேன், இன்னிக்குத்தான் கேட்டாரு."

எங்கள் கடைக்கும் வாரம் இருமுறை ஒருவர் தண்ணீர் கேன் போடுகிறார். நான் அவரைக் கூப்பிடுவது 'பாய்' என்றுதான்.