பங்கில் கொடுத்த பிள்ளைச் செலவு

பிள்ளையைத் தூக்கி என் மேசையில் இருத்திவிட்டுத்தான் திரேசா வாயைத் திறந்தாள்.

"இந்தாங்கோ மிஸ், நீங்களே வைச்சு வளருங்கோ. இல்லாட்டிச் சிறுவர் இல்லத்தில சேர்க்கக் கடிதம் தாங்கோ. இனி என்னால ஏலாது."

நான் புதுக்குடியிருப்பில் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த காலம் அது. இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் கந்தோர் ஓர் ஓலைக் கொட்டிலாகச் சுருங்கியிருந்தது. புருசனும் பெண்சாதியும் பிரிந்தால், பிள்ளைச் செலவுக்கு வழக்குப் போட வவுனியாக் கோட்டுக்குப் போக வேண்டும். அதற்கு எல்லை தாண்டப் பாஸ் எடுத்து முடிப்பதற்குள் பிள்ளைக்கே கலியாண வயது வந்துவிடும். ஆகவே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவைப்பது என் தலையில் விழுந்தது.

"மரியதாஸ் ஒண்டும் தரேல்லையோ?" என்று பிரிந்திருந்த அவளுடைய புருசனைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு சதம்? ஒரு மீன் தலை? நீங்கள் பேசி விட்ட நாளில இருந்து ஆளின்ர நிழலையே காணேல்லை. உங்களுக்கு முன்னால மட்டும் ஓம் மிஸ், ஓம் மிஸ்!"

நாலு வயது ஜெனிற்றா மேசையில் இருந்தபடி என் றப்பர் முத்திரையைத் தன் கையில் குத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திங்கட்கிழமை வரைக்கும் பொறு, நானே போய் அவனைப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு கடிதம் எழுதலாம் என்று திரேசாவை அனுப்பினேன்.

மதிப்பீடு

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சம்பளக்காரனிடம் பிள்ளைச் செலவு மதிப்பிடுவது பெரிய வித்தை இல்லை. பிள்ளைக்கு அரிசி, மா, பால்மா, சவர்க்காரம் என்று தாய் சொல்வதைக் கொஞ்சம் குறைத்து, தகப்பன் சொல்வதைக் கொஞ்சம் கூட்டி, நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டியதுதான். கடற்தொழிலாளியிடம் இது சரிவராது. கடல் அடித்தால் உழைப்பில்லை. கடலுக்குப் போகத் தடை வந்தாலும் இல்லை. மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாம் மாதமே முறிந்துவிடும்.

மரியதாஸ், வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் கரைவலை இழுப்பவன். சனிக்கிழமைகளில் கணக்குப் பார்த்து ஆளாளுக்குப் பங்கு பிரிப்பார்கள். முதல் தரம் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிய அன்று, கிடைப்பதில் நாலில் ஒன்று பிள்ளைக்கு என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்பதால் திரேசாவை முதலில் அனுப்பிவிட்டு, அவனைத் தனியே இருத்திச் சொன்னேன்.

"நாலில ஒண்டு. ஞாயிற்றுக்கிழமையளில பங்கில குடுத்திடுங்கோ."

"பங்கிலயோ மிஸ்?"

"ஓம், பங்கிலதான்."

"பிள்ளையின்ர பேரிலயோ?"

"பின்னை ஆற்ற பேரில? என்ர பேரிலயோ?"

"ஓம் மிஸ்" என்று எழுந்து போனான். இவ்வளவு சுலபமாக ஒருவரும் சம்மதித்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

வாடியில்

சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கந்தோர் இல்லாத நாட்களை எனக்குப் பிடிக்காது. அம்மாவும் ஐயாவும் வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். நான் உத்தியோகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாடகை அறையில் கிடந்தேன். ஒரு ஆளுக்கு உலை வைப்பதைப் போல வெறுப்பான வேலை வேறில்லை. சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் கிடைத்தது என்றுதான் அன்று மிதித்தேன்.

மரியதாஸ் தொழிலாளர் தங்கும் வாடியில் தனியே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு பாய், ஒரு பானை, ஒரு கோப்பை. நான் சைக்கிளை நிறுத்த முன்னமே ஏசத் தொடங்கிவிட்டேன். பெற்றவனுக்கு வெட்கமில்லையா, பிள்ளை இல்லத்துக்குப் போகப் போகிறது என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அவன் வலையைக் கீழே போட்டுவிட்டான்.

"மாதாவாணை மிஸ், ஒரு ஞாயிறும் விடேல்லை. பங்கிலதானே குடுக்கச் சொன்னியள்? சுவாமியிட்டக் கேட்டுப் பாருங்கோ."

"சுவாமிக்கு என்ன, பிள்ளை குட்டியோ இருக்கு?" என்று கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உருத்திரபுரத்து வயற்காரரின் மகள். எங்களுக்குப் பங்கென்றால் காணிப் பங்கு, நெற்பங்கு. வேதக்காரர் தங்கள் பாதிரியாரைப் பங்குச் சுவாமி என்று சொல்வதை ஆயிரம் தரம் கேட்டிருந்தும் அந்த நேரம் மூளையில் ஏறவில்லை.

"கடலில கிடைக்கிறதை நாங்கள் பங்குக்காசு எண்டுதான் சொல்லுவம். வெறும் பங்கு எண்டா கோயில்தான் மிஸ்."

தென்னங்காணிக்குள் ஒரு கொட்டில்தான் அப்போது அவர்களுடைய கோயில். இரண்டு பேருமாகப் போனோம். சுவாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, பிள்ளையின்ர பேரில எண்டு தந்தவன். நேர்த்திக்கடனாக்கும் எண்டு நினைச்சு நான் அகதிச் சனத்தின்ர கஞ்சிக்குப் போட்டிட்டன். பூசை முடிஞ்சாலும் போகமாட்டான். எல்லாரும் போய்முடியுமட்டும் வாசலிலேயே நிப்பான்."

ஏன் நின்றாய் என்று மரியதாஸைக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"கோயில்ல குடுக்கச் சொன்னபடியா, திரேசா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்குவா எண்டு நினைச்சன். பிள்ளையைக் காட்டத்தான் நீங்கள் அப்பிடிச் சொன்னியளாக்கும் எண்டு நினைச்சன் மிஸ்."

நான் அப்படி நினைக்கவே இல்லை. அரிசியும் மாவும் சவர்க்காரமும் நினைத்தேன். அவ்வளவுதான்.

ஞாயிறு

அன்று பின்னேரமே திரேசாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புருசன் விட்டுப் போனவள் என்று சனம் பார்க்குமே என்று கூசி அவள் பூசைக்கே போகாமல் விட்டிருந்தாள். இனி அவள் தனியே போக வேண்டாம், நான் கூட வருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் வாசலில் மரியதாஸ் நின்றான். கையில் காசும் ஒரு கடதாசிச் சரையில் இனிப்பும். ஜெனிற்றா தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள், எட்டிப் பார்த்தாள், மெல்லப் போய்ச் சரையை வாங்கினாள்.

"நாளைக்கும் வருவியளோ அப்பா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "வரலாமோ மிஸ்?"

பெற்ற பிள்ளையைப் பார்க்க, வேற்றூரில் இருந்து வந்த தனிக்கட்டையான என்னிடம் உத்தரவு கேட்கிறான் மனிசன். "அவாவைக் கேளுங்கோ" என்று திரேசாவைக் காட்டினேன். அவள் வேறெங்கோ பார்த்தபடி, "பிள்ளை கேட்டா வரட்டும்" என்றாள். இல்லத்துக்கான கடிதத்தை அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, தொகையைப் பிறகு பாருங்கள். அதற்குப் பின் பிரிந்த தகப்பன் யார் வந்து என் முன்னால் இருந்தாலும், "பிள்ளையை எப்ப பாக்கப் போறியள்?" என்றுதான் முதலில் கேட்டேன். கந்தோருக்குச் சண்டைக்கென்றே வந்தவர்கள், அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் முன்னால் இருந்து அழுதார்கள்.